கடைசி ஆளின் வேகம்

கூட்டமாக மலையேறும்போது ஒரு அநியாயம் தவறாமல் நடக்கும். வேகமாகப் போகிறவர்கள் ஒரு திருப்பத்தில் நின்று, பையை இறக்கி வைத்து, தண்ணீர் குடித்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடம் கழித்து, முகம் சிவந்து மூச்சிரைக்கக் கடைசி ஆள் வந்து சேர்வார். "வந்துட்டீங்களா? சரி, கிளம்பலாம்" என்று எல்லோரும் பையைத் தோளில் மாட்டிவிடுவார்கள். ஓய்வு தேவையே இல்லாதவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. தேவைப்பட்டவருக்கு அரை நிமிடம்கூட இல்லை. அடுத்த திருப்பத்தில் இடைவெளி இன்னும் கூடியிருக்கும்.

பிரிட்டனில் ராம்ப்ளிங் கிளப் என்று ஊருக்கு ஊர் இருக்கும் நடைக்குழுக்கள் இதற்குச் சில வழக்கங்களை வைத்திருக்கின்றன. வழிநடத்துபவரை யாரும் முந்தக் கூடாது. வரிசையின் கடைசியில் வருவதற்கென்றே ஒருவர் இருப்பார். அவருக்கு பேக்மார்க்கர் என்று பெயர். ஓய்வு நேரம், கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும். பார்ப்பதற்கு நாகரிகம், பண்பு என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வழக்கத்துக்கும் பின்னால் மலையும் தசையும் சேர்ந்து போட்ட ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் உள்ள கிண்டர் ஸ்கவுட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

உயரம் 636 மீட்டர். நீலகிரி பார்த்த கண்ணுக்கு இது ஒரு மேடு. ஆனால் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் இதுதான் உச்சம். கோடை ஞாயிறுகளில் இரு நகரங்களிலிருந்தும் ரயிலேறி ஈடேல் என்ற சின்ன நிலையத்தில் இறங்கும் குழுக்களைப் பார்க்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நர்சுகள், கல்லூரி மாணவர்கள், எப்போதும் யாராவது ஒருவருடைய நாய். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் மறைகிறது என்பதால் அவசரம் கிடையாது.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மேட்டில் பொதுமக்கள் கால்வைக்க முடியாது. க்ரவுஸ் என்ற பறவையைச் சுட்டு விளையாடுவதற்காக நில உடைமையாளர்கள் காவலர்களை நிறுத்தியிருந்தார்கள். தொழிலாளர்களுக்கான நடைக்குழு ஒன்றை ஜி.எச்.பி. வார்ட் என்பவர் 1900-ல் ஷெஃபீல்டில் தொடங்கினார். கிளாரியன் ராம்ப்ளர்ஸ் என்ற அந்தக் குழுவின் முதல் நடையே கிண்டரைச் சுற்றித்தான். 1932 ஏப்ரல் 24 அன்று, இருபது வயது பென்னி ராத்மன் முன்னின்று நடத்த, நானூறு பேர் அளவில் ஹேஃபீல்ட் பக்கமிருந்து தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையைச் சட்டம் கொடுத்தது 2000-ல்தான். இன்று மிதிக்கும் பாதைக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 1892-ல் ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நேஸ்மித் ஒரே நாளில் மூன்று சிகரங்கள் ஏறி இறங்கினார். தூரம் 10 மைல், ஏறிய உயரம் 6,300 அடி, நேரம் ஆறரை மணி. அதைக் குறித்துவைத்த கையோடு ஒரு எளிய விதியையும் எழுதினார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இன்றும் இந்த விதிதான் புழக்கத்தில் இருக்கிறது. மெட்ரிக் அளவில், மணிக்கு 5 கி.மீ., ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கூடுதலாகப் பத்து நிமிடம் என்று மனக்கணக்காகப் போடுவார்கள். ஈடேலிலிருந்து புறப்பட்டு, மேலே போய்ச் சுற்றி இறங்கும் ஒரு நடை 15 கி.மீ., ஏற்றம் 450 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேரமும் முக்கால் மணி நேரமும் ஆகும்.

நேஸ்மித் விதி தனியாக நடக்கும் திடமான ஆளுக்கானது. இருபது பேர் சேர்ந்தால் அதில் எங்கும் இல்லாத ஒரு செலவு முளைக்கிறது. ஆட்டு மேய்ச்சல் நிலங்களைப் பிரிக்கும் கல்வேலிகளைத் தாண்ட அங்கங்கே மரப்படி போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏறி இறங்க முடியும். ஆளுக்குப் பதினைந்து விநாடி என்றாலும் இருபது பேருக்கு ஐந்து நிமிடம். முதலில் தாண்டியவர் நிற்காமல் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால், கடைசி ஆள் தாண்டி முடிக்கும்போது இவர் சுமார் 320 மீட்டர் முன்னால் இருப்பார். கடைசி ஆள் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் துரத்தினால் இடைவெளி எவ்வளவு நேரத்தில் மூடும்? கிட்டத்தட்ட இருபது நிமிடம். ஒரே ஒரு வேலிப்படிக்கு இருபது நிமிட ஓட்டமும் நடையும். அடுத்த வேலி அதற்குள்ளாகவே வந்துவிடும். படியைத் தாண்டியதும் வழிநடத்துபவர் ஓரமாக நின்று, தலைகளை எண்ணி, பேக்மார்க்கர் கையை உயர்த்திய பிறகே நகர்வது இதனால்தான்.

அப்புறம் ஏற்றம். கிரைண்ட்ஸ்புரூக் ஓடையை ஒட்டிப் போகும் பாதை மெதுவாகத் தொடங்கி, கடைசியில் பாறைகளைப் பிடித்து ஏற வேண்டிய இடத்துக்குக் கொண்டுவிடும். உடலும் பையும் சேர்ந்து 75 கிலோ எடையை 450 மீட்டர் உயர்த்துவதற்குத் தேவையான ஆற்றல் சுமார் 330 கிலோஜூல். அதாவது 80 கிலோகலோரிக்கும் சற்றுக் குறைவு. சின்ன வாழைப்பழம் ஒன்றில் இருப்பது அவ்வளவுதான். இவ்வளவு மூச்சு வாங்கிச் செய்த வேலை இதுதானா என்று ஏமாற்றமாக இருக்கும். ஆனால் தசை, உணவின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆகவே செலவு 320 கிலோகலோரி. மிச்சமுள்ள 240 முழுவதும் வெப்பம்.

இந்த வெப்பத்தை வெளியே தள்ள உடலுக்குக் கோடையில் நம்பகமான வழி வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெளியேறும். ஆகவே ஏற்றத்தின் வெப்பத்தை மட்டும் தீர்க்க நானூறு மில்லி போதும். ஆவியானால்தான் கணக்கு, சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை. பிரிட்டனில் மாவட்டத்தைப் பொறுத்து 25 முதல் 28 டிகிரி வெயில் தொடர்ந்து மூன்று நாள் அடித்தாலே வெப்ப அலை என்று அறிவிப்பார்கள். மதுரைக்காரருக்குச் சிரிப்பு வரும். ஆனால் வெயிலுக்குப் பழகாத உடல் தாமதமாகத்தான் வியர்க்கத் தொடங்குகிறது, உப்பையும் அதிகமாக இழக்கிறது. அந்தப் பழக்கம் உடலில் ஏற ஒன்று, இரண்டு வாரம் தொடர்ந்து வெயிலில் உழைக்க வேண்டும். பிரிட்டிஷ் கோடை அவ்வளவு நாள் ஒரே மாதிரி நிற்பதே அபூர்வம். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் நடையை ரத்து செய்வது கோழைத்தனம் ஆகாது.

இப்போது கடைசி ஆளுக்குத் திரும்பலாம். அவர் ஏன் மெதுவாக வருகிறார்? 'உடம்பு வளையாது' என்று முன்னால் போகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எழுபது கிலோ எடையுள்ள இருவர், ஐந்து கிலோ பையோடு, ஒரு மணி நேரத்தில் 500 மீட்டர் உயரும் வேகத்தில் சரிவில் ஏறுகிறார்கள் என்று கொள்வோம். இருவருக்கும் நிமிடத்துக்குச் சுமார் 1.4 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். சரிவு வயது பார்ப்பதில்லை. விலை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் கையிருப்பு வேறு. இளையவரின் உடல் உச்சபட்சமாக நிமிடத்துக்கு 3.2 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தக்கூடியது என்றால் அவர் தன் திறனில் 45 விழுக்காட்டைச் செலவிடுகிறார். அறுபத்தைந்து வயதுக்காரரின் உச்சம் இரண்டு லிட்டர் என்றால் அவருடைய செலவு 70 விழுக்காடு. முதலாமவருக்கு உலாவல், இரண்டாமவருக்கு அதே பாதை, அதே நிமிடத்தில், ஏறக்குறைய ஓட்டப்பந்தயம். வேகத்தை மணிக்கு 350 மீட்டர் உயரமாகக் குறைத்தால் மூத்தவரின் செலவு பாதித் திறனை ஒட்டி இறங்கிவிடும். அந்த அளவில் அவர் நாள் முழுக்க ஏறுவார்.

இந்த எல்லையை அளக்க ஆய்வகமும் முகமூடியும் தேவையில்லை, பேச்சு போதும். பயிற்சியில்லாதவர்களுக்கு உச்சத் திறனில் 50 முதல் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது ரத்தத்தில் லாக்டேட் சேரத் தொடங்கும். அதோடு வரும் அமிலத்தன்மையைச் சமாளிக்க மூச்சு திடீரென வேகமெடுக்கும். பேசுவதற்கு மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். வேகமெடுத்த மூச்சில் அதற்கு இடமில்லை. முழு வாக்கியங்கள் அரை வாக்கியங்களாகும், அரை வாக்கியங்கள் 'ம்ம்' ஆகும், பிறகு அதுவும் நின்றுபோகும். உடற்பயிற்சி உடலியலில் இதற்குப் பேச்சுச் சோதனை என்றே பெயர். தேர்ந்த வழிநடத்துநர் திரும்பிப் பார்க்காமலே காதைத் தீட்டிக்கொண்டு நடப்பார். பின்னால் பேரப்பிள்ளைகளின் கதை ஓடிக்கொண்டிருந்தால் வேகம் சரி. பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டால் அடியைக் குறைப்பார். ராம்ப்ளிங் கிளப்புகள் அரட்டைக்குப் பேர்போனவை என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த அரட்டைதான் அவர்களுடைய அளவுமானி.

மேலே ஏறி முடித்தால் உச்சி என்று கூராக எதுவும் இருக்காது. பரந்து கிடக்கும் கருப்பு மேடு. பீட் எனப்படும் இந்த மண், பாசியும் செடியும் நீர் தேங்கிய நிலத்தில் மக்கி முடியாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது. ஈரமான நாட்களில் கணுக்கால் வரை உள்வாங்கும். கால் புதையும் தரையில் நடப்பதற்கு என்ன செலவு என்பதை 1998-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் மணலில் அளந்தார்கள்: கெட்டித் தரையைவிட இரண்டு முதல் இரண்டே முக்கால் மடங்கு வரை ஆற்றல் ஆகிறது. பீட் மணல் இல்லைதான். ஆனாலும் மிதித்த கால் தரையை நகர்த்தி வீணாக்கும் விஷயம் இங்கும் உண்டு. பூட்ஸ்கள் மிதித்து மிதித்துப் பாதை அகலமாகி மண் அரித்துப்போனதால், ஈடேலில் தொடங்கும் பென்னைன் வே நெடும்பாதையில் பல இடங்களில் கற்பலகைகளை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கிப் பதித்திருக்கிறார்கள். அவற்றில் பல, மூடப்பட்ட பஞ்சாலைகளின் தரையிலிருந்து பெயர்த்தவை. அந்த ஆலைகளின் தொழிலாளிகள்தான் ஒரு காலத்தில் ஞாயிறு தோறும் அந்தத் தரையைவிட்டு மலைக்கு ஓடி வந்தவர்கள்.

மேட்டில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது இன்னொரு ஆபத்து வருகிறது: கோடையிலும் குளிர். உயரம் கூடக் கூட காற்று ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. மான்செஸ்டர் நகரைவிட இங்கே நான்கு டிகிரி குறைவு. அது பெரிதில்லை. மரமில்லாத மேட்டில் வீசும் காற்றும், முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் நனைந்த சட்டையும்தான் பெரிது. நீர், காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்திச் சட்டை வியர்வையை வாங்கி வைத்துக்கொண்டு விடாது. நம்மூர் வெயிலுக்கு அது வரம்; மலைக்காற்றில் அதுவே வினை.

1964 மார்ச்சில் பீக் டிஸ்ட்ரிக்டில் நடந்த 'ஃபோர் இன்ஸ்' நடைப் போட்டியில் மழையிலும் காற்றிலும் சிக்கி மூன்று இளைஞர்கள் குளிரால் இறந்தார்கள். அந்த மரணங்களை ஆராய்ந்தவர் க்ரிஃபித் பியூ. 1953 எவரெஸ்ட் வெற்றிப் பயணத்தில் உடலியல் நிபுணராகப் போனவர் அவர். நனைந்த உடையின்மேல் காற்றடித்தால் அதன் வெப்பக் காப்பு பெருமளவு சரிந்துவிடுகிறது என்பதை அவர் அளந்து காட்டினார். இன்னொன்றும் சொன்னார்: வேகமாக நடக்கும் வரை உடலின் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். களைத்து வேகம் குறைந்தவரின் அடுப்பு அடங்கத் தொடங்கும், குளிரோ அதே அளவில் இழுக்கும். தடுமாற்றமும் குழறலும் வரும்போது அவரே அதை உணர மாட்டார். மார்ச் மாதத்துக் கதைதான். ஆனால் ஆகஸ்டில் இடிமழை பிடித்தாலும் இயற்பியல் அதேதான். கடைசி ஆளோடு ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்பதன் உண்மையான காரணம் இதில் இருக்கிறது. வழி தவறுவது அதற்கு அடுத்த கவலை.

இனி இறக்கம். ஏறும்போது சேமித்த 80 கிலோகலோரியைப் புவியீர்ப்பு இப்போது திருப்பித் தருகிறது. ஆனால் வாங்கி வைத்துக்கொள்ள உடலில் பெட்டி கிடையாது. ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை பிரேக் போட்டு அதை வெப்பமாக மாற்ற வேண்டும். மென்மையான சரிவில் இது லாபம்தான். 1938-ல் இத்தாலிய உடலியலாளர் ரொடோல்ஃபோ மார்காரியா கண்டது, நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் சரிவில்தான் நடைக்கு மிகக் குறைந்த ஆற்றல் ஆகிறது என்பது. பிற்கால அளவீடுகளின்படி சமதளத்துக்கு ஆவதில் பாதி. அதைவிடச் செங்குத்தானால் செலவு மறுபடி ஏறும். மலை வழிகாட்டிகளுக்குக் கையேடு எழுதிய எரிக் லாங்மூர், நேஸ்மித் விதிக்குப் போட்ட திருத்தமும் இதோடு ஒத்துப்போகிறது: 5 முதல் 12 டிகிரி வரையிலான இறக்கத்தில் 300 மீட்டருக்குப் பத்து நிமிடம் கழி, 12 டிகிரிக்கு மேல் பத்து நிமிடம் கூட்டு.

பிரேக் போடும் தசையின் குணம் விசித்திரமானது. 1952-ல் லண்டனில் ஒரு சோதனை செய்து காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியில் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பெடலை எதிர்த்துத் தடுக்க வேண்டும். இருவரின் விசையும் சமம். ஆனால் தடுப்பவருக்கு ஆக்சிஜன் மிகக் குறைவாகவே தேவைப்பட்டது. ராயல் சொசைட்டியில் இதைக் காட்டியபோது, சிறிய உருவம் கொண்ட ஒரு பெண் அலட்டிக்கொள்ளாமல் தடுத்தே ஓர் இளைஞரைக் களைக்க வைத்துவிட்டார் என்று நோபல் பரிசு பெற்ற ஏ.வி. ஹில் ரசித்து எழுதியிருக்கிறார். சுருங்கும் தசையைவிட, இழுபட்டுக்கொண்டே தாங்கும் தசை குறைந்த இழைகளைக் கொண்டு அதிக விசையைத் தருகிறது.

நுரையீரலுக்கு இது மலிவு. ஆனால் குறைந்த இழைகள் அதிக பாரத்தைச் சுமப்பதால் அவற்றில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படி வழியாக இறங்கும்போது பெரும்பாலோர் சிரித்துப் பேசிக்கொண்டுதான் வருவார்கள். மூச்சு வாங்காது, பேச்சுச் சோதனை இங்கே எதையும் காட்டிக்கொடுக்காது. தொடைகள் லேசாக நடுங்குவது மட்டுமே அறிகுறி. அடியைச் சின்னதாக வைத்து, முழங்காலைச் சற்று மடக்கியே இறங்கினால், ஒவ்வொரு அடியிலும் தாங்க வேண்டிய அதிர்வு குறையும். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போகும். ஏற்றத்தில் முன்னால் பறந்த இளைஞர்கள் இங்கே குதித்துக் குதித்து இறங்கி, அதற்கான விலையைப் பிறகு கொடுப்பதுண்டு.

அந்த வலி அன்று மாலை வராது. ஞாயிறு நடந்தால் திங்கள் தலைகாட்டி, செவ்வாயில் உச்சத்துக்குப் போகும். மாடிப்படி ஏறும்போது ஒன்றுமிருக்காது. இறங்கும்போது கைப்பிடியைத் தேட வைக்கும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருவது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அந்த அமிலம் நடை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும். செவ்வாய்க்கிழமை வலிக்கு அது பொறுப்பேற்க முடியாது. சிதைந்த இழைகளைச் சரிசெய்யும் வேலையும் அதையொட்டி வரும் வீக்கமும்தான் காரணம். சரிசெய்யும்போது தசை முன்னைவிடத் தாங்கும் திறனோடு அமைகிறது. ஒரே ஒரு நல்ல இறக்கம் அடுத்த சில வாரங்களுக்குக் காப்பாகும். அதே படியில் மறுபடி இறங்கினால் வலியில் சிறு பங்குதான் வரும். பல மாதம் இடைவெளி விட்டால் அந்தக் காப்பு கரைந்துவிடும். ஆகவே கோடையின் முதல் நடையில் மாட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை படியில் பக்கவாட்டாக இறங்கியவர், அடுத்த மாத நடைக்குப் பெயர் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். "இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று அடுத்த கோடை வரை தள்ளிப்போட்டால், முதலிலிருந்து எல்லாவற்றையும் அனுபவிக்க வேண்டியதுதான்.